விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

செம்பட்டியில் என் கணவருக்குத் தேங்காய் மண்டி. நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நானும் மண்டிக்குப் போவேன். பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் அவருடைய பைக்கில் வீடு திரும்புவோம். அப்படித் திரும்பிய ஒரு நாள் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு, கம்பத்தில் எரிந்த விளக்கை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"அந்தா பாரு டீச்சரம்மா. லைட்டச் சுத்தி எம்புட்டு அழகா வளையம் போட்டிருக்கு. வானவில்லு மாதிரி."

பார்த்தேன். வெள்ளை விளக்கு. சுற்றிலும் பூச்சிகள். வேறொன்றும் இல்லை.

"எந்த லைட்ட சொல்றீங்க?"

"எல்லா லைட்லயுந்தேன். டீக்கடை லைட்லகூட இருக்கு. வெளிய செவப்பு, உள்ள நீலம். உனக்குத் தெரியலையா?"

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க" என்றேன். கழற்றினார். வளையம் அப்போதும் இருந்தது. ஒரு கண்ணை மூடச் சொன்னேன். வலது கண்ணால் பார்த்தால் வெறும் விளக்கு. இடது கண்ணால் பார்த்தால் வளையம்.

"பெட்ரோல் போடுறதுக்கு முன்னாடி பரீட்சையா?" என்று பங்க் பையனிடம் சாவியை நீட்டினார். எனக்குப் பயமாகிவிட்டது.

ஏன் அப்படிப் பயந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிய பாடம் நடத்தும்போது நான் எப்போதும் செய்துகாட்டும் ஒன்று உண்டு. ஒரு கண்ணாடித் துண்டில் வாயால் ஊதச் சொல்வேன். ஆவி படிந்த அந்தக் கண்ணாடி வழியே எரியும் மெழுகுவர்த்தியைப் பார்த்தால் சுடரைச் சுற்றி நிற வளையங்கள் தெரியும். வெளியே சிவப்பு, உள்ளே நீலம். பிள்ளைகள் கத்துவார்கள். ஒரே அளவான பொடிப் பொடித் துளிகளின் ஓரத்தில் ஒளி வளைந்து வருவதால் ஏற்படும் நிறம் அது. சோப்புக் குமிழியிலும், மழை நாளில் பஸ் ஸ்டாண்டுக் குழியில் மிதக்கும் எண்ணெயிலும் தெரிவது வேறு. அங்கே மெல்லிய படலத்தின் இரண்டு பக்கங்களிலிருந்தும் திரும்புகிற ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறமாகிறது. இந்த வித்தியாசத்தைப் பலகையில் படம் போட்டு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன்.

காற்றில் பனி இருந்தால் பக்கத்தில் நிற்கும் எனக்கும் வளையம் தெரிந்திருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லை, மூக்குக் கண்ணாடி இல்லை. அப்படியானால் ஆவி படிந்திருக்கும் கண்ணாடி அவருடைய கண்ணுக்குள் இருக்கிறது. இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் இருக்கிறது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்த ஒவ்வொரு லாரி விளக்கையும் பார்த்தேன். இவருக்கு இது எப்படித் தெரிகிறதோ என்று நினைத்து நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு ஒன்றும் இல்லை. சர்ச்சுப் பூசைக்குப் போய்வந்து தோசை சாப்பிட்டார், பேப்பர் படித்தார். "பாத்தியா, அம்புட்டுதேன்" என்றார். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை இருட்டத் தொடங்கியபோது மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவர் அங்கிருந்தே, "உன் வளையம் வந்திருச்சு" என்றார், என்னமோ நான்தான் வரவழைத்ததைப் போல.

அதற்குள் நான் போனில் படித்திருந்தேன். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதற்குக் கண்ணுக்குள்ளேயே இரண்டு இடங்கள் காரணமாகலாம். ஒன்று, கண்ணின் லென்ஸ். அந்த வளையம் பெரும்பாலும் அவசரமில்லாதது, புரை விழத் தொடங்கும்போதும் வரலாம். மற்றொன்று, கண்ணின் முகப்பில் இருக்கும் தெளிந்த சவ்வில் நீர் கோத்துக்கொள்வது. இது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதற்கு அடையாளம். எது என்று பிரித்துப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. ஒரு அட்டையில் மெல்லிய பிளவு வெட்டி, கண்ணுக்கு மிக அருகில் வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். லென்ஸால் வரும் வளையமென்றால் பிளவு நகர நகர அது துண்டு துண்டாக உடைந்து விசிறி மாதிரி சுற்றும். சவ்வில் நீர் கோத்ததால் வந்ததென்றால் வெளிச்சம் மட்டும் குறையும். வளையம் உடையாது.

கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து பிளேடால் கீறினேன். முதல் பிளவு கோணலாகப் போயிற்று. இன்னொன்று வெட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் தெருவிளக்கைப் பார்த்தபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். அட்டையை அவருடைய இடது கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

"நகத்துறேன். என்ன தெரியுதோ அப்படியே சொல்லணும். எனக்காகச் சொல்லக் கூடாது."

"நகத்து."

உடையட்டும், மாதாவே, உடையட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நகர்த்தினேன்.

"மங்குது" என்றார்.

"மங்கட்டும். வளையம் துண்டாகுதா? சுத்துதா?"

"இல்ல. முழுசாத்தேன் இருக்கு."

"நல்லா பாருங்க."

"நல்லாத்தாம்மா பாக்குறேன். முழுசா, உருண்டையா, அப்படியே இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், உருண்டையா இருந்தா தப்பா?" என்று கேட்டார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கேரளாவுக்கு லோடு ஏற்றும் வாரம், வியாபாரி நேரில் வருகிறான், சனிக்கிழமை மதுரைக்கே போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்றார். நான் கோபப்பட்டேன். அவரும் கோபப்பட்டார். கடைசியில் சனிக்கிழமைக்கு மதுரையில் முன்பதிவு செய்தேன். இடையில் இருந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஓடவில்லை. குவிலென்ஸ் படம் வரைந்துகொண்டே இருந்தவள் குவியப்புள்ளியைக் குறிக்காமல் நின்றுவிட்டேன். "மிஸ், கதிரு எங்க போய்ச் சேருது?" என்று ஒருத்தி கேட்டபோதுதான் கை நின்றுபோனது தெரிந்தது.

சாயங்காலமானால் மண்டிக்குப் போன் போடுவேன். "வந்துச்சா?"

"வந்தா நானே சொல்ல மாட்டனா? நீ கேட்டுக் கேட்டே வர வச்சிருவ போல."

வியாழக்கிழமை நல்ல மழை. வழக்கத்தைவிட முன்னதாகவே ஆட்டோவில் வந்து இறங்கினார். பைக்கை மண்டியிலேயே விட்டுவிட்டாராம். தலையைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே போய்ப் படுத்தார்.

"மத்தியானம் சாப்பிட்ட வெஞ்சனம் சேரல. மண்டையப் பிளக்குது. செத்த நேரம் படுத்தா சரியாயிரும்."

படுத்த உடனே எழுந்து ஓடி வாந்தி எடுத்தார். கரண்ட் வேறு போய்விட்டது. போன் விளக்கை அவர் முகத்தில் காட்டினேன். இடது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அது என்னை அவ்வளவு பயமுறுத்தவில்லை. கண்ணின் முகப்பு பளபளப்பில்லாமல், வாயால் ஊதின கண்ணாடியைப் போல வெளிறிக் கிடந்தது. வெளிச்சத்தை நேராகக் காட்டினேன். வலது கண்ணின் பாவை சட்டென்று சுருங்கியது. இடது கண்ணின் பாவை பாதி விரிந்தபடியே அசையாமல் நின்றது.

"இது எத்தனை விரல்?"

"எங்க விரலு? வெறும் பொகையா இருக்கு."

வந்த ஆட்டோ தெருமுனையிலேயே நின்றிருந்தது. மழையில் ஓடிப் போய்க் கூப்பிட்டேன். திண்டுக்கல்லில் இருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் அவர் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் "ஐயோ, ஐயோ" என்றார். இருபத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவர் அப்படி அரற்றி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண், "டாக்டர் கெளம்பிட்டாங்க, காலைல வாங்க" என்றாள். டாக்டரம்மா கைப்பையோடு படியில் இறங்கிவந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"மேடம், ஒரு கண்ணுல வளையம் தெரிஞ்சுது, இப்ப வலி, வாந்தி, பாவை சுருங்க மாட்டேங்குது" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

டாக்டர் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, "உள்ள கூட்டிட்டு வாங்க" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் பார்க்கும் கருவியில் முகத்தை வைக்கவே என் கணவரால் முடியவில்லை. நான் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு நர்சிடம் மருந்துப் பெயர்களை வேகவேகமாகச் சொன்னார். நரம்பு வழியே ஒன்று ஏறியது. சொட்டு மருந்து விட்டு, விட்டு, மறுபடியும் விட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். "சளி மாத்திரை ஏதாவது போட்டீங்களா சார்?" என்று டாக்டர் கேட்டார். மழையில் மூக்கு அடைத்ததென்று மெடிக்கலில் வாங்கிப் போட்டதாக இவர் முனகினார். "அது பாவைய விரிக்கும், இந்த மாதிரிக் கண்ணுக்கு ஆகாது" என்றார் டாக்டர்.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செபமாலை வீட்டில் இருந்தது, விரல்களிலேயே எண்ணிச் சொன்னேன். பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். ரொம்ப நேரம் கழித்து அவருடைய பிடி தளர்ந்தது. என்னமோ ஆகிவிட்டதென்று பதறிக் குனிந்தேன். "வலி கொறையுது" என்றார். டாக்டர் மறுபடி அளந்துவிட்டு, அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு இறங்கிருச்சு. ஆனா இது திரும்ப வரும். நாளைக்கு மதுரைல லேசர் வச்சு வழி போட்டுரணும். நான் பேசி வைக்கிறேன்."

"பார்வை, மேடம்?"

"நரம்பு எவ்வளவு அடி வாங்கிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது."

மறுநாள் காலையில் ரயிலில் போனோம். மருந்தினால் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. "எல்லா லைட்டையும் கம்மி பண்ணின மாதிரி இருக்கு" என்றார். ஜன்னலுக்கு வெளியே சிறுமலை ஈரமாகத் தெரிந்தது. கொடைரோட்டில் வண்டி நின்றபோது பழக்கூடையோடு ஒரு அம்மா ஏறினார். வண்டி மறுபடி நகர்ந்த பிறகு, என் கணவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"எங்க அம்மாவும் சொல்லும்."

"என்ன சொல்லுவாங்க?"

என் மாமியாரை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். சின்ன வயசில் அம்மை போட்டு ஒரு கண் போய்விட்டது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"தோப்புக்குப் போற வழில மாதா செலை வச்ச கெபி இருக்குல்ல. சாயங்காலம் அங்க மெழுகுதிரி ஏத்தப் போகும். ஏத்திட்டு வந்து சொல்லும், திரியச் சுத்திக் கிரீடம் தெரியுதுய்யா, மாதா எனக்கு மட்டும் காட்டுறான்னு. ஊருல நாலு பேரு வந்து அம்மா காலத் தொட்டுக் கும்பிட்டுப் போனாக. அப்பறம் ஒரு நா கண்ணு வலி. ரெண்டு நா கத்துச்சு. பச்சிலை வச்சுக் கட்டுனாக. அம்புட்டுதேன், அந்தக் கண்ணு போச்சு."

"அம்மைன்னு சொன்னீங்களே?"

"மாதா குடுத்த கண்ண மாதாவே எடுத்துக்கிட்டான்னு யார் கிட்டப் போய்ச் சொல்றது? அம்மைன்னு சொல்லிட்டாக." பிறகு என் பக்கம் திரும்பினார். "பங்க்குல பாத்தப்பவே எனக்கு அம்மா ஞாபகந்தேன் வந்துச்சு. அதான் சனிக்கிழமை, சனிக்கிழமைன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன்."

அவர் சிரித்ததற்கும் எரிந்து விழுந்ததற்கும் உள்ளே இருந்தது என் பயத்தைவிடப் பழைய பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழக்கார அம்மா இரண்டு கொய்யாப்பழத்தை எடுத்து, "சாப்பிடுங்க, ஏன் ரெண்டு பேரும் இப்புடி ஒக்காந்திருக்கீக?" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டோம். என் கணவர் கடிக்கவே இல்லை, கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

மதுரை டாக்டர் ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்து காட்டினார். எத்தனை வருஷமாக நான் பலகையில் வரைகிற அதே படம். லென்ஸ், பாவை, முன்னால் வளைந்த சவ்வு. ஆனால் நான் ஒருநாளும் குறிக்காத ஒரு மூலையை அவர் பேனாவால் தொட்டார்.

"லென்ஸுக்கு முன்னாடி இருக்கற தண்ணி சும்மா நிக்கறது இல்லம்மா. பாவையச் சுத்தி இருக்கற திரைக்குப் பின்னாடி ஊறி, பாவை வழியா முன்னாடி வந்து, இந்த மூலைல வடியுது. சாருக்குக் கண்ணே சின்னது. அதனாலதான் இவ்வளவு ப்ளஸ் பவர் போட்டிருக்காரு. வயசாக ஆக லென்ஸ் தடிக்கும், இடம் நெருக்கும். இருட்டுல பாவை விரியறப்ப திரை இங்க போய் அடைச்சுக்குது. போக வழி இல்லாத தண்ணி முன் சவ்வுக்குள்ள ஏறுது. அதுதான் உங்க வளையம்."

அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் எப்போதும் பெரிதாகத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று எனக்கு முதலில் பிடித்ததே அந்தப் பெரிய கண்கள்தான். அது குவிலென்ஸ் காட்டிய உருப்பெருக்கம் என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். அதற்குள் இருக்கும் கண் இடமில்லாத அளவுக்குச் சின்னது என்பதுதான் தெரியாது.

திரையின் ஓரத்தில் லேசரால் ஊசித் துளை போட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளேயிருந்து டிக், டிக் என்ற சத்தமும், "அசையாதீங்க சார்" என்ற குரலும் மட்டும் கேட்டன. வெளியே வந்ததும், "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. இதுக்காடி இம்புட்டுப் பாடு?" என்றார். வலது கண்ணுக்கும் முன்னெச்சரிக்கையாக அடுத்த வாரம் அதையே செய்தார்கள். பிறகு இடது கண்ணின் தடித்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய லென்ஸ் வைத்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கெங்கோ மினுங்குகிற பொட்டு வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு அவர் டப், டப்பென்று அழுத்தினார். இடது கண்ணுக்கு நடுநடுவே நீண்ட அமைதி. பின்னால் நின்று ஒவ்வொரு அமைதியையும் நான் எண்ணினேன். இடது கண்ணின் மேல்பாதியில் மூக்குப் பக்கமாக ஒரு பகுதி போய்விட்டது. அது திரும்பாது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அவருக்கு அது தெரிவதே இல்லை, வலது கண் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. "எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியல" என்பார். தெரியாததுதான் எனக்குப் பயம்.

மண்டிக்குப் போகிறார், லோடு ஏற்றுகிறார். இருட்டுவதற்கு முன் பஸ்ஸில் திரும்புகிறார். பைக்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தம்பியையும் மிரட்டித்தான் கண்ணைக் காட்டவைத்தோம். அவருக்குக் கோளாறு எதுவும் இல்லை.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளும் சின்ன வயசிலிருந்தே ப்ளஸ் பவர் கண்ணாடி போடுகிறவள். இதை நான் எப்போது யோசித்தேன் என்று கேட்டால், மதுரை டாக்டர் படம் வரைந்த அந்த நிமிஷமே. வாய்விட்டுச் சொல்லத்தான் நாளாயிற்று. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவளை அடுக்களையில் நிறுத்திவைத்தேன்.

"கண்ணாடியக் கழட்டு. நேரா பாரு."

"என்னம்மா இது?"

போன் வெளிச்சத்தை அவள் கண்ணின் பக்கவாட்டிலிருந்து காட்டினேன். உள்ளே இடம் இருந்தால் பழுப்புத் திரை முழுக்க ஒரே மாதிரி ஒளிரும். திரை முன்னால் உப்பியிருந்தால் மூக்குப் பக்கம் நிழல் விழும். பார்த்தேன். நிழல் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கொஞ்சம் பின்னால் நகர்த்திக் காட்டினேன். இன்னும் குழப்பமாயிற்று.

"அம்மா, கண்ணு கூசுது."

"செத்த இரும்மா."

"இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"தெரியல" என்றேன்.

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி விளக்கை அணைத்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்டயே போவோம். அப்பாவும் வரட்டும்" என்றாள்.

அந்த டாக்டரம்மா ஒரு இருட்டு அறையில் அவளை உட்கார வைத்து, கண்ணின் மேல் சின்னக் கண்ணாடி ஒன்றை ஒட்டினாற்போல வைத்து அந்த மூலையை நேராகவே பார்த்தார். எங்களை உள்ளே விட்டார்கள். என் கணவர் கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"இப்ப திறந்துதான் இருக்கு. கொஞ்சம் குறுகல். பயப்பட வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா காட்டணும். நாப்பது தாண்டினா இன்னும் கவனமா இருக்கணும்" என்றார்.

வெளியே வந்ததும் மகள் தன் போன் காலண்டரில் அதைக் குறித்துக்கொண்டாள். வருஷா வருஷம் தானே திரும்பி வருகிற மாதிரி அமைத்து எங்களிடம் காட்டினாள். அவளுக்கு நாற்பது ஆகும்போது நாங்கள் இருப்போமா என்று நான் கணக்குப் போடத் தொடங்கினேன். என் கணவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, "ஏறுங்க, பசிக்குது" என்றார்.